குளத்து மட்டியும் அதன் தெற்கத்திச் சொந்தங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி அலைகரை வெடிக்கத் தொடங்கினால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கையில் மட்டி ஓடு வந்துவிடும். கல்லில் தேய்த்து ஓட்டை போட்டு மாங்காய் சீவுவோம். அந்த ஓட்டுக்குள் இருந்த உயிரைப் பற்றி அப்போது யாரும் யோசித்ததில்லை. பிறகு படிப்பிக்கப் போன இடத்தில் பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். பதில் தேடிப் போனபோது எனக்கு அகப்பட்டதில் பெரும்பகுதி அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, ஆபிரிக்கா என்று தெற்கு நாடுகளின் ஆறு, ஏரிகளில் செய்த ஆராய்ச்சி. வாசிக்க வாசிக்க எங்கள் குளத்தைப் பற்றியே எழுதியிருப்பது போலிருந்தது. மாணவர்களும் கமக்காரரும் குளத்தில் மீன்பிடிப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

நன்னீர் மட்டி என்று எதைச் சொல்கிறீர்கள்? நத்தையும் அதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. நத்தைக்கு ஒரே ஓடு, அதுவும் சுருண்டது. தலையும் கொம்பும் உண்டு. மட்டிக்கு இரண்டு ஓடு. முதுகுப் பக்கம் பிணைச்சல் போட்ட பெட்டி மாதிரித் திறந்து மூடும். வெளியே கரும்பச்சையோ மண்ணிறமோ ஆன தோல், உள்ளே பளபளக்கும் முத்துப்பூச்சு.

வன்னிக் குளங்களில் கைக்கு அகப்படும் பெரிய, நீண்ட, மெல்லிய ஓடு பெரும்பாலும் லமெல்லிடென்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ஆற்றுப் பக்கம் கிடைக்கும் சின்ன, தடித்த ஓட்டில் மேல் நுனியருகே வளைந்து வளைந்து சுருக்கக் கோடுகள் இருந்தால் அது பரேசியா. விரல் நகமளவில் மணலில் கிடக்கும் குட்டி மட்டி கோர்பிகுலா. அது வேறு வழி வந்தது, வாழ்க்கை முறையும் வேறு. கீழே வரும் பதில்கள் முதல் இரண்டையும் போன்ற பெரிய மட்டிகளைப் பற்றியவை. உலகம் முழுவதும் அப்படி 900 இனங்களுக்கு மேல் உண்டு.

வன்னி பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறது. பிறகு ஏன் தெற்கு அரைக்கோளத்து மட்டிகளைப் பற்றிப் பேச வேண்டும்?

சரியான கேள்வி. நாங்கள் ஏறத்தாழ 9 பாகை வடக்கில் இருக்கிறோம். ஆனால் எங்கள் தரை எப்போதும் இங்கே இருக்கவில்லை. இலங்கையும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஆபிரிக்கா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா, தென் அமெரிக்காவோடு ஒட்டியிருந்த பெருநிலத்தின் துண்டுகள். அதற்குக் கொண்டுவானா என்று பெயர். மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயர்தான் அது. அவர்கள் பேசும் கோண்டி தமிழோடு ஒரே மொழிக் குடும்பம். இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதைவிட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. எங்கள் லமெல்லிடென்ஸும் பரேசியாவும் பரேசியினே என்ற துணைக்குடும்பத்தில் சேர்கின்றன. அதே துணைக்குடும்பத்தின் இன்னொரு கிளை ஆபிரிக்காவில் இருக்கிறது. விக்டோரியா ஏரியிலும் தெற்கே மலாவி ஏரியிலும் சம்பேசி ஆற்றிலும் வாழும் கொலதூரா வகை மட்டிகள் எங்கள் குளத்து மட்டிக்குச் சிற்றப்பன், பெரியப்பன் பிள்ளைகள் முறை.

இன்னொன்று, காலநிலை. மழைக்காலத்தில் பெருகி, கோடையில் வற்றி, சேறாகி, பிறகு நிரம்பும் தண்ணீரில் மட்டி எப்படிப் பிழைக்கிறது என்பதை அவுஸ்திரேலியர் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள். குளிர்நாட்டு ஆற்றைப் பற்றிய புத்தகத்தைவிட அது எங்களுக்குப் பொருந்தும்.

தெற்கில் என்னென்ன மட்டிகள் இருக்கின்றன?

முக்கியமான குடும்பம் ஹைரிடே. அவுஸ்திரேலியா, நியூகினி, நியூசிலாந்து, தென் அமெரிக்கா ஆகிய இடங்களில் மட்டும் இருக்கிறது. நடுவில் எவ்வளவு கடல் என்று பாருங்கள். இந்த மட்டி உப்புத் தண்ணீரில் உயிர் வாழாது, கடல் தாண்டாது. நிலங்கள் ஒட்டியிருந்த காலத்தின் சாட்சி என்று இந்தக் குடும்பத்தைச் சொல்வது அதனால்தான்.

நியூசிலாந்தில் மூன்று இனங்கள். மவோரி மக்கள் அவற்றைக் காகஹி என்கிறார்கள். தென் அமெரிக்காவின் தென்கோடி ஏரிகளில் டிப்ளொடன் சிலென்சிஸ். அவுஸ்திரேலியாவின் மரே ஆற்றில் இரண்டு இனங்கள், அவற்றின் கதை கீழே தனியாக வருகிறது. ஆபிரிக்காவில் பாறையில் சீமெந்து பூசியது போல் ஒட்டி வளரும் எதீரியா என்ற ஆற்றுச் சிப்பியும் உண்டு. அதன் உறவு ஒன்று கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் இருக்கிறது.

தலையே இல்லையே, எப்படிச் சாப்பிடும்?

"ரீச்சர், இதுக்கு வாய் எங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது இன்னும் ஞாபகம். வாய் உண்டு. உள்ளே ஒளிந்திருக்கும். தலை இல்லை, மூளை என்று தனியாக ஒன்றும் இல்லை, மூன்று சோடி நரம்பு முடிச்சுகள் மட்டும்தான். மந்தமானவனை "மட்டி" என்று ஏசுகிறோமே, அந்த ஏச்சு இந்த உயிருக்கு அநியாயம். இது செய்யும் வேலையைத் தலையுள்ள எந்த உயிரும் அந்தக் குளத்தில் செய்வதில்லை.

மட்டி உடம்பின் முக்கால் பங்கைச் சேற்றில் புதைத்து, பின்நுனியை மட்டும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். அசையாமல் குந்தியிருந்து பார்த்தால் அந்த நுனியில் இரண்டு வாய்க்கால் தெரியும். கீழே இருப்பது தண்ணீர் உள்ளே போகும் வழி, ஓரத்தில் மெல்லிய மயிர் போல ஒரு வரிசை. மேலே இருப்பது வெளியேறும் வழி. நிழல் விழுந்தால் இரண்டும் சட்டென்று மூடிவிடும்.

உள்ளே போன தண்ணீர் பூவைத் தாண்டுகிறது. மீன் வாங்கும்போது பூவைத் தூக்கிப் பார்க்கிறோமே, அதே வேலைக்குத்தான் இதற்கும் பூ இருக்கிறது. ஆனால் மூச்சோடு முடியாது. பூவில் இலட்சக்கணக்கில் நுண்ணிய பிசிர்கள் அடித்துக் கொண்டே இருக்கும். தண்ணீரில் வரும் பாசித் துகள், பக்டீரியா, அழுகிய இலைத் தூள் எல்லாவற்றையும் சளியில் பிடித்து வாய்ப்பக்கம் தள்ளும். வேண்டாததைச் சளியில் சுற்றி உருண்டையாக்கி வெளியே போட்டுவிடும்.

அப்படியென்றால் குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா?

செய்யும். வகுப்பில் ஒருமுறை செய்து பார்த்தோம். இரண்டு வாளியில் ஒரே பச்சைத் தண்ணீர். ஒன்றில் மூன்று மட்டி, மற்றது சும்மா. காலையில் வைத்தது. பள்ளி விடும் நேரம் மட்டி இருந்த வாளியின் அடித்தளம் தெரிந்தது, கீழே நூல் நூலாகச் சளி உருண்டைகள் கிடந்தன. மற்ற வாளியில் கொஞ்சம் மண் அடைந்திருந்ததே தவிர பச்சை அப்படியே இருந்தது. பிறகு மட்டிகளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டோம்.

பெரிய அளவில் என்றால் நியூசிலாந்தின் தென் தீவிலுள்ள டுவாகிடோடோ என்ற ஆழமில்லாத ஏரியைச் சொல்லலாம். அங்கே ஒரு காகஹி மணிக்கு ஏறத்தாழ ஒரு லீட்டர் தண்ணீரை வடிக்கிறது. ஏரியில் இருந்த மட்டிகள் எல்லாம் சேர்ந்து ஏரித் தண்ணீர் முழுவதையும் 32 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வடிக்கும் என்று 1990களில் கணக்கிட்டார்கள். ஒன்றரை நாள்கூட இல்லை. சிலியில் சால்மன் வளர்ப்பால் பச்சை பிடித்த தண்ணீரிலும் டிப்ளொடன் மட்டியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், பாசி நன்றாகக் குறைந்தது.

வடித்ததை மட்டி விழுங்கி விடுவதோடு கதை முடிவதில்லை. அது வெளியே போடும் உருண்டை குளத்தடியில் பூச்சிக் குடம்பிகளுக்கு உணவு. அவற்றை மீன் தின்னும். மட்டி நடந்து போகும்போது சேறு கிளறப்பட்டு உள்ளே காற்றுப் போகும். ஆனால் இதைக் காட்டி, குளத்தில் என்ன அழுக்கையும் விடலாம், மட்டி பார்த்துக்கொள்ளும் என்று யாரும் நினைக்கக் கூடாது. அழுக்கு மிஞ்சினால் முதலில் சாவது அதுதான். கூட்டமாகச் செத்து அழுகினால் தண்ணீரில் அமோனியா ஏறி மிச்ச உயிர்களுக்கும் கேடு.

மட்டி எப்படிக் குஞ்சு பெருக்குகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

ஆண் மட்டி விந்தைத் தண்ணீரில் விடும். பெண் மட்டி மூச்சுக்கு இழுக்கும் தண்ணீரோடு அதையும் இழுத்துக்கொள்ளும். முட்டைகள் கருக்கட்டி, தாயின் பூவுக்குள்ளேயே அடைகாக்கப்படும். ஹைரிடே குடும்பத்தில் உட்பக்கப் பூத்தகடு அந்தத் தொட்டில், எங்கள் லமெல்லிடென்ஸில் வெளிப்பக்கத் தகடு. அந்த நேரம் பெண் மட்டியைத் திறந்தால் பூ தடித்து, சோற்றுப் பருக்கை நிரப்பிய பை போல உப்பியிருக்கும்.

முட்டையிலிருந்து வருவது குட்டி மட்டி இல்லை, ஒரு குடம்பி. கிளோக்கிடியம் என்று பெயர். பெரும்பாலும் கால் மில்லிமீற்றர் அளவுதான். இரண்டு சின்ன ஓடு, நடுவில் ஒரு தசை, ஹைரிடே போன்றவற்றில் ஓட்டு நுனியில் கொளுவும் பல். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, தொட்டதும் கவ்வுவது. தாய் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் இலட்சக்கணக்கில் அவற்றை வெளியே விடும். சில நாட்களுக்குள் ஒரு மீனின் பூவிலோ செட்டையிலோ கவ்வ வேண்டும். கவ்வாவிட்டால் சாவுதான்.

கவ்வியதும் மீனின் தோல் வளர்ந்து அதை மூடும். அந்தச் சின்னக் கூட்டுக்குள் சில கிழமை இருந்து, உறுப்பெல்லாம் மாறி, குட்டி மட்டியாகிக் கூட்டை உடைத்துக்கொண்டு குளத்தடியில் விழும். சேறோ மணலோ சரியான இடத்தில் விழுந்தால் வாழ்வு.

1797இல் ராத்கே என்ற ஆய்வாளர் மட்டியின் பூவுக்குள் இந்தக் குடம்பிகளைக் கண்டு, மட்டியைத் தின்னும் ஒட்டுண்ணி என்று நினைத்து அதற்கொரு பெயரும் வைத்துவிட்டார். தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க உலகத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. மீன் இல்லாவிட்டால் மட்டி இல்லை என்பதை வன்னியில் இன்னும் பலர் அறியவில்லை. அறிந்தால் குளத்தைப் பார்க்கும் பார்வையே மாறும்.

மீனைத் தேடிப் பிடிப்பது எப்படி? மட்டிக்குக் கண் இல்லையே?

சில இனங்கள் சும்மா விட்டுவிடும். சில இனங்கள் குடம்பிகளைச் சளி நூலில் கோர்த்து விடும், அது தண்ணீரில் வலை போலத் தொங்கும், நீந்திப் போகும் மீனில் சுற்றிக்கொள்ளும். நியூசிலாந்தின் எக்கிரிடெல்லா ஆக்லாண்டிகா செய்வதுதான் எனக்கு வியப்பு. குடம்பிகளைப் புழு போன்ற பொட்டலமாக வெளியே விடுகிறது. மீன் இரை என்று கடிக்கும், குடம்பிகள் வாய்க்குள்ளேயே சிதறும், பூ பக்கத்தில்தானே. தூண்டில் போடத் தெரிந்த, கண்ணில்லாத உயிர்.

மீனுக்கு வருத்தம் வருமா?

குளத்தில் இயல்பாக ஒட்டும் எண்ணிக்கையில் மீனுக்குப் பெரிய கேடில்லை. சில முறை ஒட்டப்பட்ட மீனின் உடம்பு எதிர்ப்புச் சக்தி பெற்று, அடுத்த குடம்பிகளை உதறிவிடுவதும் உண்டு. பூவில் வெள்ளைப் புள்ளி கண்டால் மீனுக்கு நோய் என்று எல்லாவற்றையும் வீச வேண்டியதில்லை. ஆனால் மற்ற ஒட்டுண்ணிகளும் அப்படித் தெரியும் என்பதால் வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம்.

தெற்கில் எல்லா மட்டிக்கும் இதே வழிதானா?

ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள சில குடும்பங்கள் வேறு விதம். அவற்றின் குடம்பி லசீடியம். ஓடு சோடியாக இராது, நீண்ட நூல் ஒன்று தொங்கும். முட்டெலா என்ற ஆபிரிக்க மட்டியின் வாழ்க்கையை ஜெஃப்ரி ஃபிரையர் 1961இல் விரிவாக எழுதினார். குடம்பி மீனின் உடம்பில் ஒட்டி, வேர் விட்டதுபோல் குழாய்களை உள்ளே செலுத்தி உணவெடுக்கும். பிறகு வெளிப்பக்கம் ஒரு காம்பு வளரும். அந்தக் காம்பின் நுனியில் குட்டி மட்டி காய்க்கும், முற்றியதும் உதிரும். மரத்தில் குருவிச்சை ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

எந்த மீனில் ஒட்டினாலும் வளருமா? குளத்தில் திலாப்பியா நிறைய இருக்கிறதே.

இல்லை, இதுதான் கவலைக்குரிய இடம். சில மட்டிகள் பல வகை மீனை ஏற்கும், சில ஓரிரு மீனோடு நிற்கும். வெளியிலிருந்து வந்த மீனில் குடம்பி ஒட்டினாலும் பல சமயம் வளராமல் உதிர்ந்துவிடும். மொசாம்பிக் திலாப்பியாவை இலங்கைக்குக் கொண்டுவந்தது 1952இல். தென்கிழக்கு ஆபிரிக்க ஆறுகளின் மீன் அது. அதன் பிறகு கட்லா, ரோகு என்று குஞ்சுகள் விடப்படுகின்றன. அவற்றால் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விராலும் கெளுத்தியும் சின்னக் கெண்டைகளும் குறைந்து போகும் குளத்தில் மட்டிக்கு என்ன நடக்கும் என்று யாராவது பார்க்க வேண்டும். தெற்கு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மட்டியை எண்ணும்போதே மீனையும் எண்ணுகிறார்கள். இங்கும் இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆறே இல்லாத சின்ன மேட்டுக் குளத்தில்கூட மட்டி இருக்கிறதே, எப்படி வந்தது?

மட்டி தன் காலால் நடந்து போகும் தூரம் சில மீற்றர். மாலையில் ஆழமில்லாத தண்ணீரில் விரலால் கீறியது போல ஒரு கோடு தெரியும், அதன் முடிவில் மட்டி நிற்கும். அவ்வளவுதான் அதன் பயணம். மேல் குளத்துக்கு அது மீனின் பூவில் ஏறி வந்திருக்க வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் குளங்கள் வான் பாயும்போது பார்த்திருப்பீர்கள், மீன் தண்ணீரை எதிர்த்துத் துள்ளித் துள்ளி ஏறும். சனம் கரப்போடு நிற்கும். அந்த மீன் ஒவ்வொன்றும் மட்டிக் குஞ்சுக்கு வண்டி. மேல் குளத்து வான் கீழ்க் குளத்துக்குள் விழும்படி தொடராகக் குளம் கட்டினார்கள் எங்கள் முன்னோர். மட்டியும் அதே வழியால் பரவுகிறது. மீன் ஏற முடியாத உயரத்தில் நேர்ச்சுவராகக் கொங்கிறீற் கட்டினால் மட்டிக்கும் பாதை அடைபட்டுப் போகும்.

கோடையில் குளம் வற்றினால் மட்டி எல்லாம் செத்துப் போகுமா?

மரே ஆற்றுக் கதைக்கு இப்போது வருவோம். அங்கே இரண்டு மட்டி. ஒன்று அலத்தீரியா ஜாக்சோனி, ஓடும் தண்ணீரில் வாழ்வது. மற்றது வெலேசூனியோ அம்பிகுவஸ், வெள்ளச் சமவெளிக் குட்டைகளிலும் மாட்டுக்குத் தண்ணீர் கட்டிய மோட்டைகளிலும் வாழ்வது. கீத் வோக்கர் என்ற அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

ஆற்று மட்டிக்கு ஒட்சிசன் நிறைந்த ஓட்டம் வேண்டும். தண்ணீர் வற்றினால் அதிகம் தாங்காது. குட்டை மட்டி சேற்றில் புதைந்து, ஓட்டை இறுக மூடி, உடம்பின் வேலையைக் குறைத்து, ஒரு வருடம் கடந்தும் உயிரோடு இருக்கும். 1922இல் மரேயில் முதலாவது தடுப்பணை முடிந்தது, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓட்டம் நின்று ஆறு குளம் போலான இடங்களில் ஆற்று மட்டி பின்வாங்க, குட்டை மட்டி ஆற்றுக்குள்ளேயே வந்து குடியேறியது. 2017 தொடக்கம் 2020 வரை நீடித்த வரட்சியில் டார்லிங் ஆறு நீளத்துக்கு வற்றியபோது ஆற்று மட்டிகள் பெருந்தொகையாகச் செத்தன.

இதை வைத்து எங்கள் பக்கத்தைப் பாருங்கள். லமெல்லிடென்ஸ் குளத்துக்கு ஏற்றது, சேற்றில் புதைந்து கோடையைக் கடத்தும். பரேசியா அதிகம் கிடைப்பது ஓடும் தண்ணீரில். கனகராயன் ஆறு போன்ற ஆறுகளில் கோடையிலும் வற்றாத மடுக்கள் அதற்குப் புகலிடம். அந்த மடுவில் இயந்திரம் வைத்து மண் அள்ளினால் அது பழையபடி வரப் பல வருடம் எடுக்கும். குளத்து மட்டிக்கும் ஈரச் சேறு மிச்சம் வேண்டும். குளத்தைத் தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தூர்வாராவிட்டால் வயல் இல்லை. ஒரே கோடையில் முழு அடித்தளத்தையும் வழிக்காமல் ஆழமான ஒரு மூலையை அடுத்த வருடத்துக்கு விட்டால் போதும்.

எத்தனை வருடம் வாழும்? ஓட்டு வளையத்தை எண்ணலாமா?

நியூசிலாந்துக் காகஹி 50 வயதைத் தாண்டியும் வாழ்கிறது. குளிர் நாட்டில் மாரிக்கு ஒரு வளையம் விழும், எண்ணலாம். இங்கே மழை, வெயில், தண்ணீர் இறங்கியது, மீன்வலை இடறியது எல்லாவற்றுக்கும் வளையம் விழும். ஆகவே எண்ணி வயது சொல்ல வேண்டாம்.

உவர் ஏறினால்?

தாங்காது. மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் கார்ட்டர் மட்டி என்று ஒன்று. காடு வெட்டிக் கோதுமை விதைத்தார்கள். ஆழ வேர் மரங்கள் போனதும் நிலத்தடி நீர் மேலே வந்தது, உப்பையும் கொண்டு வந்தது. ஐம்பது வருடத்துக்குள் அந்த மட்டி வாழ்ந்த பரப்பில் ஏறத்தாழ அரைவாசி போய்விட்டது. லீட்டருக்கு 3 கிராம் உப்பு அளவே அதற்கு எல்லை. கடல் நீரில் 35 கிராம் என்பதை நினைத்துப் பாருங்கள். மன்னார், முல்லைத்தீவுக் கரையோரக் குளங்களில் உவர் ஏறுகிறதா என்று பார்ப்பவர்கள் நெல்லைப் பார்ப்பதோடு மட்டியையும் பார்க்கலாம்.

வயலுக்கு அடிக்கும் மருந்தும் யூரியாவும்?

வளர்ந்த மட்டி நச்சுத் தண்ணீர் வந்தால் ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் சமாளிக்கும். குடம்பிக்கும் குட்டிக்கும் அந்த வசதி இல்லை. அமோனியாவும் செம்பும் மிகக் குறைந்த அளவிலேயே அவற்றைக் கொல்லும். யூரியா தண்ணீரில் கரைந்து அமோனியாவாக மாறக்கூடியது, செம்பு பல பூஞ்சண மருந்துகளில் இருக்கிறது. மருந்துத் தாங்கியைக் குளத்திலும் வாய்க்காலிலும் கழுவாமல் விட்டாலே பாதி உதவி.

உள்ளே முத்து இருக்குமா?

மழைத்துளி சிப்பியில் விழுந்து முத்தாகும் என்பார்கள். உண்மையில், ஓட்டுக்கும் உடம்புக்கும் இடையில் ஏதாவது புகுந்து தசையைக் காயப்படுத்தினால், மட்டி அதன்மேல் ஓட்டுப் பூச்சையே பூசிப் பூசி மூடும். குளத்து மட்டியிலும் அபூர்வமாகக் கிடைக்கும், பெரும்பாலும் கோணல் மாணலாக. இந்தியாவிலும் பங்களாதேசத்திலும் எங்கள் லமெல்லிடென்ஸ் இனத்தை வைத்தே முத்து வளர்க்கிறார்கள். சிலாவத்துறைப் பக்கம் குளித்த முத்து கடற்சிப்பியின் முத்து, அது தூரத்து உறவு.

தின்னலாமா?

மனிதர் மிகப் பழங்காலம் முதல் தின்றிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் முங்கோ ஏரிக் கரையில் 30,000 வருடங்களுக்கு முந்திய மட்டி ஓட்டுக் குவியல்கள் உண்டு. மவோரி மக்கள் காகஹியைத் தின்றார்கள், ஓட்டால் தலைமயிர் வெட்டினார்கள், தொப்புள்கொடி அறுத்தார்கள்.

ஆனால் மட்டி ஒரு வடி. தண்ணீரிலுள்ள கிருமி, பார உலோகம், மருந்து எல்லாம் அதன் உடம்பில் சேரும். பட்டணத்து வடிகாலோ பெருமளவு வயல் நீரோ வந்து சேரும் குளத்து மட்டியைத் தின்ன வேண்டாம் என்பதே என் பதில். மற்ற இடத்தில் எடுத்தாலும் நன்றாக அவித்துத்தான்.

மட்டியை யார் தின்கிறார்கள்?

நத்தைகுத்தி நாரையைப் பார்த்திருப்பீர்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். நத்தையையும் மட்டியையும் பிடித்து, ஓட்டை நொறுக்காமல் தசையை அறுத்து எடுக்கும். ஆபிரிக்காவிலும் அதே சாதி நாரை உண்டு, அதுவும் மட்டிக்குக் கெட்டிக்காரன். குளக்கரையில் உடையாத வெற்று ஓடுகள் ஒரே இடத்தில் கிடந்தால் அங்கே நாரை சாப்பிட்டிருக்கலாம்.

ஒரு குளத்து மட்டியை எடுத்து இன்னொரு குளத்தில் விடலாமா?

வேண்டாம். 1991இல் தென் அமெரிக்காவின் லா பிளாட்டா முகத்துவாரத்தில் தங்க மட்டி என்ற ஆசிய மட்டி கப்பல் நீரோடு வந்து சேர்ந்தது. அதற்கு மீன் தேவையில்லை, நூல் விட்டு எதிலும் ஒட்டும். உள்ளூர் டிப்ளொடன் மட்டிகளின் ஓட்டிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டி, அவை வாய் திறக்க முடியாதபடி செய்தது. ஆசியாவிலிருந்து போன கோர்பிகுலாவும் அங்கே பெருகிவிட்டது. இங்கே சாதுவாகக் கிடக்கும் உயிர் இன்னொரு தண்ணீரில் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. வீட்டுத் தொட்டி மீனையும் குளத்தில் விட வேண்டாம்.

எங்கள் குளத்து மட்டி நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பெரிய மட்டி நிறையக் கிடக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம். நியூசிலாந்தில் சில ஏரிகளில் கிழட்டு மட்டிகள் மட்டும் நிறைந்திருந்தன, குட்டியே இல்லை. நீண்ட காலம் வாழும் உயிர் என்பதால், மீன் போய்ப் பல வருடங்களின் பிறகும் குளம் நிறைந்திருப்பது போலவே தெரியும். பிறகு ஒரேயடியாகக் காணாமல் போகும்.

ஆகவே குட்டியைத் தேடுங்கள். தண்ணீர் இறங்கும் நாட்களில் அலைகரையின் ஈரச் சேற்றை, முழங்கையளவு சதுரத்தில், நாலு விரல் ஆழத்துக்குக் கையால் அளைந்து பாருங்கள். சோறு வடிக்கும் வடிதட்டு ஒன்றில் அந்தச் சேற்றைப் போட்டுத் தண்ணீரில் அலசினால் இன்னும் நல்லது. சின்ன விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய, நீண்ட வடிவான, ஓடு மெல்லிதாக வெளிச்சம் ஊடுருவும் குட்டிகள் அகப்பட்டால், கடந்த ஓரிரு மாரிகளில் மீனும் மட்டியும் சந்தித்திருக்கின்றன. வட்டமாக, மஞ்சளாக, தடித்திருந்தால் அது கோர்பிகுலா, கணக்கில் சேர்க்க வேண்டாம். எத்தனை சதுரம் பார்த்தீர்கள், எத்தனை பெரிது, எத்தனை குட்டி, குளத்தின் பெயர், திகதி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். துருசுப் பக்கம், வான் பக்கம், நடு அலைகரை என்று மூன்று இடத்தில் பார்த்தால் போதும். பார்த்து முடிந்ததும் குட்டிகளை ஈரச் சேற்றில், கூரான நுனி மேலே தெரிய, பாதி புதைத்து வையுங்கள். மிச்சத்தை அவையே தோண்டிக்கொள்ளும்.